ஒரு சொல்லும் புரியாமல் பார்த்த நாடகம்: ஐரோப்பாவில் அலைந்த ஆங்கிலக் கூத்தாடிகள்

அரங்கேற்றன் (இழையைத் தொடங்கியவர்)

1592. பிராங்க்பர்ட் நகரத்து இலையுதிர்காலச் சந்தை. பட்டு, புத்தகம், மது என்று பாதி ஐரோப்பா கூடி வியாபாரம் செய்யும் இடம். அந்த நெரிசலுக்கு நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு நாடகக் குழு ஆடுகிறது. பைன்ஸ் மோரிசன் என்ற ஆங்கிலேயப் பயணி அதைப் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்க்காரர்கள் என்று அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் விலைபோகாதவர்கள், வேஷத்துக்கு ஆள் போதவில்லை, நல்ல உடுப்பு இல்லை, மேடையில் ஜோடனை இல்லை என்று அடுக்குகிறார். அப்புறம் ஒன்று சொல்கிறார்: ஒரு வார்த்தைகூடப் புரியாத ஜெர்மானியர்கள், ஆணும் பெண்ணுமாக, அவர்களுடைய அங்க அசைவையும் நடிப்பையும் பார்ப்பதற்கென்றே அலைமோதினார்கள்.

சில வருடங்களாக இந்த ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

வழக்கமாக என்ன சொல்வார்கள்? ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த காலத்திலேயே அவர் நாடகங்களை இந்தக் குழுக்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன என்பார்கள். அது அரைகுறை உண்மை. ஷேக்ஸ்பியரின் கதைகள் போய்ச் சேர்ந்தன, அவருடைய வரிகள் அப்போது போகவில்லை. போய்ச் சேர்ந்த பெரிய விஷயம் வேறு. நடிப்பை முழுநேரப் பிழைப்பாகக் கொண்ட மனிதன் எப்படி இருப்பான் என்பதை ஜெர்மன் ஊர்கள் பலவும் இவர்களிடம்தான் முதன்முதலாகப் பார்த்தன.

அதுவரை அங்கே நாடகம் இல்லாமல் இல்லை. பள்ளிகளில் லத்தீன் நாடகம் போட்டார்கள். ஏசு சபைக் கல்லூரிகளில் பிரமாண்டமாகப் போட்டார்கள். நியூரம்பர்க்கில் செருப்புத் தைக்கும் ஹான்ஸ் சாக்ஸ் எழுதிக் குவித்தார். ஆனால் நடித்தவன் மறுநாள் காலை பாடம் படிக்கவோ செருப்புத் தைக்கவோ போய்விடுவான். வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய், வாசலில் காசு வாங்கி, அதிலேயே சோறு தின்கிறவன் என்பது வேறு ஜாதி.

எங்கே இருந்து தொடங்கலாம், சொல்லுங்கள்.

புதுக்குரல்

அண்ணா, முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறேன். 1590கள் என்றால் லண்டன் நாடகத்துக்குப் பொற்காலம் என்று படிக்கிறோம். அப்படிப்பட்ட ஊரை விட்டு மொழி தெரியாத நாட்டுக்கு ஏன் போனார்கள்?

அரங்கேற்றன்

நல்ல கேள்வி தம்பி. பொற்காலம் என்பது நாம் பின்னாலிருந்து பார்த்து வைத்த பெயர். அங்கே நடித்தவனுக்கு அடுத்த வாரம் அரங்கு திறந்திருக்குமா என்பதே நிச்சயமில்லை. 1592 கோடையில் லண்டன் அரங்குகள் மூடப்பட்டன. அதைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவ, 1594 வரை பெரும்பாலும் மூடியேதான் கிடந்தன. குழுக்கள் உடைந்தன. போதாததற்கு, ஊரில் இருந்த அரங்குகளுக்குத் தேவையானதைவிட நடிகர்கள் அதிகம்.

ஆனால் பயணம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1585 கடைசியில் லெஸ்டர் பிரபு படையோடு நெதர்லாந்துக்குப் போகிறார். கூடவே அவருடைய நடிகர்களும் போகிறார்கள். வில் கெம்ப் அதில் ஒருவர், பின்னாளில் ஷேக்ஸ்பியர் குழுவில் பெரிய கோமாளி. 1586இல் அவரும் இன்னும் சில ஆங்கிலேயர்களும் டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடரிக்கிடம் இருக்கிறார்கள். அவர்களில் தாமஸ் போப், ஜார்ஜ் பிரையன் உட்பட ஐந்து பேர் அங்கிருந்து சாக்சனி நாட்டு டிரெஸ்டன் அரண்மனைக்குப் போய் 1587 கோடை வரை இருந்தார்கள். போப்பும் பிரையனும் பிறகு லண்டன் திரும்பி ஷேக்ஸ்பியரின் கூட்டாளிகள் ஆனார்கள்.

டென்மார்க்கில் அவர்கள் இருந்த ஊர் எது தெரியுமா? எல்சினோர். ஹாம்லெட்டின் ஊர். இவர்கள் சொல்லித்தான் ஷேக்ஸ்பியர் அந்த ஊரை எழுதினார் என்று நான் சாதிக்க மாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஊர்த் தெருவில் நடந்தவர்கள் அவர் குழுவில் இருந்தார்கள்.

அந்த ஊர்க் கணக்குப் புத்தகத்தில் 1585ஆம் வருடத்துச் செலவு ஒன்று இருக்கிறது. நகர மன்ற முற்றத்தில் ஆங்கிலேயர்கள் ஆடியபோது கூட்டம் பலகை வேலியை உடைத்துவிட்டது, அதைச் சரிசெய்யக் கொடுத்த கூலி என்று எழுதியிருக்கிறார்கள். என்ன நாடகம், யார் நடித்தார்கள், ஒன்றும் இல்லை. வேலி உடைந்தது மட்டும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய விமர்சனக் குறிப்பு வேண்டாம்.

மீனாட்சி_மேடை

பதினெட்டு வருடமாக மேடையில் நிற்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். புரியாத மொழிக்காரர் முன்னால் நடிப்பது எப்படி என்பதற்கு அவர்கள் ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது ஒரு ஜெர்மன் ஊரின் நாளேட்டுக் குறிப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

1601 நவம்பர், மியூன்ஸ்டர். ரோகெல் என்ற உள்ளூர்க்காரர் எழுதியது. வந்தவர்கள் பதினோரு பேர். எல்லாரும் துடிப்பான இளைஞர்கள், ஒருவர் மட்டும் கொஞ்சம் வயதானவர், அவர்தான் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். ஐந்து நாள், ஐந்து நாடகம், எல்லாம் ஆங்கிலத்தில். வீணை போன்ற லூட், பிடில், குழல் என்று பல வாத்தியங்கள் வைத்திருந்தார்கள். நாடகத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்த ஊரில் யாரும் பார்த்திராத புதுப்புது நடனங்கள் ஆடினார்கள். அப்புறம் ஒரு கோமாளி. மற்றவர்கள் உள்ளே உடுப்பு மாற்றும் நேரத்தில் அவன் மட்டும் ஜெர்மன் மொழியில் பேசி மக்களைச் சிரிக்க வைத்தான். பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். நகர மன்றம் ஐந்து நாள்தான் அனுமதி கொடுத்திருந்தது, முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

இதை ஒரு நடிகையாகப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு பேர் ஐந்து நாடகம் போடுவதென்றால் ஒவ்வொருவரும் மூன்று நான்கு வேஷம் கட்டவேண்டும். உடுப்பு மாற்ற நேரம் வேண்டும். மேடை காலியாக இருந்தால் கூட்டம் கலைந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கோமாளி. ஒரு நிர்வாகத் தேவையிலிருந்து பிறந்த வேலை அது. ஆனால் அவன் ஒருவன்தான் ஊர் மொழி பேசுகிறான் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ராஜா, ராணி, கொலை, அழுகை எல்லாம் அந்நிய மொழியில். கோமாளி மட்டும் பார்ப்பவனின் ஆள். அவன்தான் வழிகாட்டி, அவன்தான் மொழிபெயர்ப்பாளன், கடைசியில் அவன்தான் நாயகனைவிடப் பெரியவன்.

வரலாற்று_வாசகன்

இழையை ரசித்துப் படிக்கிறேன், ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும் நண்பர்களே.

முதலாவது, தொழில்முறை நடிகனை ஜெர்மானியர் முதலில் கண்டது ஆங்கிலேயரிடம்தான் என்ற வாதம் தெற்கே செல்லாது. ஆல்ப்ஸ் தாண்டி இத்தாலியர் முன்பே வந்துவிட்டார்கள். மியூனிக்கில் 1568இல் நடந்த அரச திருமணத்தில் இத்தாலிய முகமூடி நகைச்சுவை ஆடப்பட்டது, அதில் இசையமைப்பாளர் ஓர்லாந்தோ டி லாசோவே பந்தலோனே என்ற கிழட்டு வணிகன் வேஷம் கட்டினார். லாண்ட்ஸ்ஹூட் டிராஸ்னிட்ஸ் கோட்டையில் ஒரு படிக்கட்டு முழுக்க அந்தப் பாத்திரங்களை ஆளுயரத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் 1570களிலேயே.

இரண்டாவது, நீங்கள் சொல்லும் செல்வாக்கு நல்லதா? 1620இல் ஆங்கிலேயர் ஆடிய நாடகங்கள் ஜெர்மனில் ஒரு தொகுதியாக அச்சானது. அதில் ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ் கதை இருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். கவிதை துளியும் இல்லை. வறண்ட உரைநடை. கொலை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, மொழி செத்துவிட்டது. ஒரு பெரிய நாடக மரபு அடுத்த நாட்டுக்குப் போகும்போது அதன் எலும்பு மட்டும் போய்ச் சேர்ந்தால் அதைச் செல்வாக்கு என்பதா, சேதாரம் என்பதா?

அரங்கேற்றன்

இத்தாலியர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தெற்கு அரண்மனைகளில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்: வடக்கிலும் நடுவிலும், அதுவும் குறிப்பாக நகரத்துச் சாதாரண மக்கள் முன்னால், ஆங்கிலேயர்தான்.

சேதாரம் என்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். 1592 பிப்ரவரியில் ராபர்ட் பிரவுன் குழுவுக்கு ஒரு கடவுச்சீட்டு கொடுத்தார்கள். இந்தப் பிரவுன்தான் எல்லாருக்கும் முன்னோடி, 1590லேயே லைடன் நகரத்தில் ஆடியவர். அந்தச் சீட்டில் அவரோடு ஜான் பிராட்ஸ்ட்ரீட், தாமஸ் சாக்வில், ரிச்சர்ட் ஜோன்ஸ் பெயர்கள் இருக்கின்றன. என்ன செய்யப் போகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இசை. அடுத்தது உடல் வித்தை, அதாவது குட்டிக்கரணம், தாவுதல். அதற்குப் பிறகுதான் நகைச்சுவை நாடகம், துன்பியல் நாடகம், வரலாற்று நாடகம்.

அவர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போன சரக்கு அந்த வரிசையில்தான் இருந்தது. மொழி கடைசியில். முதலில் எதை எடுத்துப் போனார்களோ அது சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

மீனாட்சி_மேடை

வரலாற்று_வாசகன் சார் சொன்ன 1620 தொகுதியை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அதில் கோமாளி வரும் இடங்களில் வசனமே இருக்காது. இங்கே பிக்கல்ஹெரிங் தன் வேலையைக் காட்டுவான் என்கிற மாதிரி ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் மேடையில் கால் மணி நேரம் இருந்திருக்கும்! தாளில் வறட்சியாகத் தெரிவது மேடையில் வறட்சி இல்லை. அந்தப் புத்தகம் மிச்சம், நாடகம் வேறு.

இன்னொன்று. 'தண்டிக்கப்பட்ட சகோதரக் கொலை' என்று ஒரு ஜெர்மன் ஹாம்லெட் இருக்கிறது. கைப்பிரதியில் 1710 என்று தேதி, அச்சானது 1781இல். இந்தக் கூத்தாடிகளின் வழியில் கைமாறிக் கைமாறி வந்ததுதான் அது. அதில் ஹாம்லெட்டைக் கொல்ல இரண்டு பேரை ஒரு தீவுக்கு அவனோடு அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு துப்பாக்கியோடு அவனுக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள். ஹாம்லெட் கடைசியாகக் கடவுளைத் தொழ அனுமதி கேட்கிறான். நானே கையை உயர்த்தி, சுடுங்கள் என்று சொல்கிறேன், அப்போது சுடுங்கள் என்கிறான். சொல்கிறான். சொன்ன அதே நொடியில் முன்புறமாகத் தரையில் விழுந்துவிடுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு சாகிறார்கள்.

மூல நாடகத்தில் இந்த இடம் என்ன? கடலில் நடந்ததை ஹாம்லெட் கடிதத்திலும் பேச்சிலும் சொல்வான், அவ்வளவுதான். நாம் பார்க்கமாட்டோம். மொழி புரியாத கூட்டத்துக்குக் கடிதம் படித்துக் காட்ட முடியாது. அதனால் அதைக் காட்சியாக மாற்றிவிட்டார்கள். நான் இதைப் பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்குச் செய்யக் கொடுப்பதுண்டு. வசனமே இல்லாமல் செய்தாலும் விழுகிற நொடியில் அறை முழுக்கச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். அந்த நொடியைச் சரியாகப் பிடிக்க ஒரு மாதம் ஒத்திகை பார்க்க வேண்டும்.

கடலோடி

வணக்கம். நான் காசெல் நகரத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒட்டோனியம் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1603 தொடங்கி 1606க்குள் கட்டியது. ஜெர்மனியில் நாடகத்துக்கென்றே எழுப்பிய முதல் நிலையான கட்டடம் அதுதான். கட்டியவர் ஹெஸ்ஸே காசெல் நாட்டை ஆண்ட மோரிட்ஸ். தன் மகன் ஓட்டோ பெயரை வைத்தார். யாருக்காகக் கட்டினார்? பிரவுனும் அவருடைய ஆங்கிலக் குழுவும் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தார்கள்.

பக்கத்து நாடான பிரவுன்ஷ்வைக் வோல்பன்பியூட்டலில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஆண்ட ஹைன்ரிக் ஜூலியஸ் தானே உட்கார்ந்து நாடகம் எழுதினார்! 1593, 94இல் பல நாடகங்கள் அச்சாகின. அவற்றில் யோகன் பூசெட் என்று ஒரு கோமாளி திரும்பத் திரும்ப வருவான். அந்தப் பாத்திரம் தாமஸ் சாக்விலோடு சேர்த்தே பேசப்படுவது. அரங்கேற்றன் சொன்ன கடவுச்சீட்டில் பெயர் இருந்ததே, அதே சாக்வில்தான். ஒரு நாட்டை ஆளும் பிரபு, ஊர் சுற்றி வந்த ஒரு கோமாளிக்காக உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார். இது எனக்கு இன்றும் வியப்பு.

சாக்வில் கதை இத்தோடு முடியவில்லை. அவர் பிறகு வியாபாரத்தில் இறங்கினார். 1608இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி பிராங்க்பர்ட் சந்தைக்குப் போகிறார். அங்கே எல்லாக் கடைகளையும் மிஞ்சி ஜொலித்த கடை ஒரு ஆங்கிலேயருடையது என்று எழுதுகிறார். ஒரு காலத்தில் தன் தகப்பனாரிடம் வேலைக்காரராக இருந்து, வெறுங்கையோடு ஊரை விட்டுப் போனவராம். நம் சாக்வில்! மோரிசன் பார்த்த அந்த ஏழைக் குழு ஆடிய அதே சந்தையில், பதினாறு வருடம் கழித்து, பெரிய கடை முதலாளி.

புதுக்குரல்

கடலோடி அண்ணா, அந்தக் கட்டடத்துக்குள் இப்போது போக முடியுமா? மேடை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அப்புறம் மீனாட்சி அக்கா சொன்ன பிக்கல்ஹெரிங் என்பது யார்? பெயரே வித்தியாசமாக இருக்கிறதே.

அரங்கேற்றன்

பெயருக்கு அர்த்தம் உப்பில் ஊறப்போட்ட ஹெரிங் மீன். ஊறுகாய் மீன் என்று வைத்துக்கொள். ராபர்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில நடிகர் இந்த வேஷத்தில் புகழ்பெற்றார், 1618 வாக்கில் தொடங்கி ஊரெல்லாம் அந்தப் பெயர். அதற்கு முன் ஜான் ஸ்பென்சர் என்பவர் ஹான்ஸ் ஸ்டாக்பிஷ், அதாவது கருவாட்டு ஹான்ஸ். பூசெட் என்பதும் பால் திரித்துக் காய்ச்சும் ஒரு பானத்தின் பெயரிலிருந்து வந்தது. ஜெர்மானியரின் சொந்தக் கோமாளி ஹான்ஸ்வுர்ஸ்ட், அவன் தொத்திறைச்சி. பிரெஞ்சுக் கோமாளி ஜான் பொத்தாஜ், அவன் சூப். எந்த ஊரானாலும் பசித்தவன் ஆசைப்படும் தின்பண்டத்தின் பெயர்தான் கோமாளிக்கு.

செல்வாக்கு எப்படி இறங்கியது என்பதற்கு நியூரம்பர்க் நல்ல இடம். அங்கே யாகோப் அய்ரர் என்று ஒரு வழக்கறிஞர், 1605இல் இறந்தார். ஆங்கிலேயர்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கியவர். அவர்கள் நாடகம் முடிந்ததும் சின்னதாக ஒரு பாட்டும் ஆட்டமும் கலந்த கேலிக்கூத்து போடுவார்கள், ஜிக் என்று பெயர். அய்ரருக்கு அது பிடித்துப்போயிற்று. முழுக்க முழுக்கப் பாடியே நடிக்கும் குறுநாடகங்கள் எழுதினார். அதன் தலைப்பில் மெட்டுக் குறிப்பும் கொடுப்பார்: ஆங்கில ரோலண்ட் பாட்டின் மெட்டில் பாடவும். ஜெர்மன் மொழிப் பாட்டு நாடகத்தின் பழைய வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

வரலாற்று_வாசகன்

அய்ரர் நல்ல உதாரணம். ஆனால் அதே அய்ரரை வைத்து ஒரு எச்சரிக்கை. அவருடைய 'அழகி சிதேயா' நாடகத்தில் நாடிழந்த ஒரு மந்திரவாதிப் பிரபு, அவன் மகள், சிறைப்பட்டு விறகு சுமக்கும் இளவரசன் எல்லாம் வருகிறார்கள். ஷேக்ஸ்பியரின் புயல் நாடகம் அப்படியே நினைவுக்கு வரும். உடனே அய்ரர் திருடினார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் இறந்து ஐந்தாறு வருடம் கழித்துத்தான் புயல் எழுதப்பட்டது. ஆக, இருவரும் ஏதோ ஒரு பொதுக் கதையிலிருந்து எடுத்திருக்கலாம். அல்லது திரும்பிப் போன நடிகர்கள் ஜெர்மன் சரக்கை லண்டனுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பாதை ஒருவழி இல்லை என்பதுதான் என் கருத்து.

அதற்கு இன்னும் உறுதியான சாட்சி பவுஸ்ட், சாத்தானிடம் ஆன்மாவை விற்ற அறிஞனின் கதை. 1587இல் பிராங்க்பர்ட்டில் அச்சான ஜெர்மன் மக்கள் கதைப் புத்தகம். அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் நாடகாசிரியர் மார்லோ அதை நாடகமாக்குகிறார். 1608 பிப்ரவரியில் ஆங்கிலக் குழு ஒன்று ஆஸ்திரியாவின் கிராஸ் அரண்மனையில் ஆடுகிறது. ஆஸ்திரிய இளவரசி மரியா மக்தலேனா தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு நாளும் என்ன நாடகம் பார்த்தோம் என்று வரிசையாகச் சொல்கிறார். ஊதாரி மகன், போர்ச்சுனாட்டஸ், யூதன் என்று போகும் அந்தப் பட்டியலில் டாக்டர் பவுஸ்டும் இருக்கிறார். ஜெர்மன் கதை லண்டன் போய், நாடகமாகி, இருபது வருடத்தில் ஜெர்மன் பேசும் மேடைக்கே திரும்பி வந்துவிட்டது.

இதில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். சேதாரம் என்று சொன்னது முழுக்க நியாயமில்லை. கிராஸ் பட்டியலில் 'யாருமில்லாதவனும் யாரோ ஒருவனும்' என்று ஒரு நாடகம். யாருமில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் உடம்பில்லை என்றும் பொருள் வரும். அந்தச் சிலேடைக்காக ஆங்கிலப் பதிப்பின் முகப்பில் கழுத்து வரை கால்சட்டை, அதற்குமேல் தலை, நடுவில் உடம்பே இல்லை என்று படம் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனில் அந்தச் சிலேடை வேலை செய்யாது. ஆனாலும் நாடகம் அங்கே ஓடியது. ஆங்கில நடிகர் ஜான் கிரீன் அதை ஜெர்மனில் கைப்பிரதியாக்கி ஒரு இளவரசருக்குக் காணிக்கை கொடுத்தார், கிராஸ் அருகே உள்ள ரைன் மடாலயத்தில் அது பத்திரமாக இருந்தது. சொல் செத்த பிறகும் வேஷம் உயிரோடு நின்றிருக்கிறது. மீனாட்சி அவர்களின் வாதத்துக்கு நானே ஆதாரம் கொடுத்துவிட்டேன்.

மீனாட்சி_மேடை

மனமார்ந்த நன்றி சார். பதிலுக்கு நானும் ஒன்று தருகிறேன், பிரான்சிலிருந்து.

1604 செப்டம்பர், போன்தேன்ப்ளோ அரண்மனை. பட்டத்து இளவரசன், பின்னாளில் பதின்மூன்றாம் லூயி, அப்போது மூன்று வயது முடியவில்லை. ஆங்கில நடிகர்கள் ஆடிய நாடகத்தைப் பார்க்க உட்கார வைக்கிறார்கள். அவனுடைய மருத்துவர் எரோவார் அந்தப் பிள்ளை தினமும் என்ன தின்றான், என்ன பேசினான் என்று எழுதி வைத்தவர். சில நாள் கழித்துக் குழந்தை வேஷம் கட்டிவிடச் சொல்லிக் கேட்கிறான். கட்டிவிட்டதும் பெரிய பெரிய எட்டு வைத்து நடந்துகொண்டே "டிஃப், டாஃப், மிலோர்ட்" என்கிறானாம்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழுவிடமிருந்து கிடைத்ததைப் பாருங்கள். நடை, தாளம், ஒரே ஒரு சொல். அவன் நடித்துக் காட்டியது மிகச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

அரங்கேற்றன்

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முடிவுப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1618இல் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. சாலைகள் ஆபத்தாயின, புரவலர்கள் கையில் பணமில்லை. இருந்தும் 1626இல் கிரீன் குழு டிரெஸ்டனில் ஆடியதன் பட்டியல் கிடைத்திருக்கிறது: ரோமியோ ஜூலியட், ஜூலியஸ் சீசர், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், இங்கிலாந்து மன்னன் லியர், மார்லோவின் மால்டா யூதன், பவுஸ்ட். ஷேக்ஸ்பியர் இறந்து பத்து வருடம்தான் ஆகிறது.

மெல்ல மெல்லக் குழுக்களில் ஜெர்மானியர் சேர்ந்தார்கள், ஆட்டம் ஜெர்மனுக்கு மாறியது. போர் முடிந்த 1648க்குப் பிறகு வந்த ஜார்ஜ் ஜாலி போன்ற ஓரிருவர்தான் கடைசி ஆங்கிலேயர்கள். அவர் 1650களில் பெண்களை மேடையேற்றினார், லண்டன் பொது அரங்குகளில் நடிகைகள் வருவதற்கு முன்பே. அப்புறம் வெல்டன் போன்ற ஜெர்மன் குழுத் தலைவர்கள் கைக்குத் தொழில் போய்விட்டது. ஆனால் "ஆங்கில நடிகர்கள்" என்ற பெயர் போட்டால் கூட்டம் வரும் என்பதால் குழுவில் ஒரு ஆங்கிலேயரும் இல்லாதபோதும் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

வரலாற்று_வாசகன் சொன்ன சேதாரத்தை நினைத்து வருந்திய ஜெர்மானியர்களும் இருந்தார்கள். 1737இல் லைப்சிக்கில் காட்செட் என்ற பேராசிரியரின் கருத்துக்கு இசைந்து, நடிகை கரோலினே நாய்பர் மேடையிலேயே கோமாளியைத் துரத்தும் சடங்கு நடத்தினார். நூற்றைம்பது வருடம் ஆகியும் துரத்த வேண்டிய அளவுக்கு அவன் பலமாக இருந்திருக்கிறான். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

போலந்தில் குதான்ஸ்க் போகிறவர்கள் இருந்தால் ஒரு இடம் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு வாள்பயிற்சிக் கூடம் இருந்தது, பலகையால் கட்டியது, ஆங்கிலக் குழுக்கள் அதில் ஆடின. அந்த இடத்திலேயே 2014 செப்டம்பரில் ஷேக்ஸ்பியர் அரங்கு ஒன்றைத் திறந்தார்கள். வெளியே கறுப்புச் செங்கல், உள்ளே மரம், கூரை இரண்டாகத் திறந்து வானம் தெரியும்.

கடலோடி

புதுக்குரல் தம்பி, பதில் தாமதம், மன்னிக்கவும். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மேடை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். இப்போது அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். கல்லும் பூச்சியும் பதப்படுத்திய பறவையும்தான். குழந்தைகள் கூட்டம்.

உள்ளே ஒரு யானை எலும்புக்கூடு நிற்கிறது. இந்த ஊர்ப் பிரபுவின் மிருகக் காட்சிச் சாலையில் இருந்த யானை, 1780இல் சரிவில் விழுந்து இறந்தது. 1784இல் அதன் மண்டையோட்டை ஆராய்ச்சிக்காக இரவல் வாங்கிப் போனவர் ஜெர்மன் பெருங்கவிஞர் கேதே. அதனால் அதற்குக் கேதே யானை என்றே பெயர்.

சின்ன வயதில் பவுஸ்ட் கதை பொம்மலாட்டத்தில் தன்னைப் பிடித்துக்கொண்டதைக் கேதே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். அந்தப் பொம்மலாட்டம் இந்தக் கூத்தாடிகளின் பவுஸ்டிலிருந்து கைமாறி வந்தது. அதிலிருந்து அவர் எழுதிய பவுஸ்ட் நாடகம் எல்லாருக்கும் தெரியும். அவர் கையில் வைத்துப் பார்த்த மண்டையோடு இப்போது பிரவுன் குழுவுக்காகக் கட்டிய அரங்குக்குள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

புகைப்படம் எடுத்தேன், இரவு ஏற்றுகிறேன்.